கத்திக்கு வழிகாட்டும் படம்



இம்மாத உரையில் மருத்துவ வரலாற்றின் ஒரு பகுதியைப் பார்ப்போம். உடலைத் திறப்பதற்கு முன்பே உள்ளே இருப்பதைப் படமாக எடுத்து, அந்தப் படத்தின் துணையோடு கத்தியையும் ஊசியையும் சரியான இடத்துக்குக் கொண்டு போகும் முறை ஒன்று உண்டு. தமிழில் இதைப் படவழிச் சத்திரசிகிச்சை என்று சொல்லலாம். இன்று மூளை, முள்ளந்தண்டு, மூட்டு, மார்பகம் என்று பல சத்திரசிகிச்சைகளில் இந்த முறை கையாளப்படுகிறது.

இதைப் பற்றி எமது வானொலியில் பேசுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இந்த வரலாற்றின் முக்கியமான சில பக்கங்கள் நாம் வாழும் கனடாவிலேயே எழுதப்பட்டவை. மொன்றியல், மிசிசாகா, வாட்டர்லூ, லண்டன், கிங்ஸ்ரன் என்று நாம் நெடுஞ்சாலைப் பலகைகளில் அன்றாடம் காணும் ஊர்கள் அதில் வருகின்றன. எழுதியவர்களில் பலர் அப்போது பல்கலைக்கழக மாணவர்கள். அடுத்த காரணம் எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. இந்த வரலாறு உடலுக்குள் தங்கிவிட்ட உலோகத் துண்டுகளைத் தேடுவதில் தொடங்குகிறது. போரில் இருந்து வந்த எங்கள் குடும்பங்களுக்கு அது புதிய விடயம் அல்ல.

மொன்றியலில் ஒரு துப்பாக்கி ரவை

1895ம் ஆண்டு நவம்பர் 8ம் திகதி, யேர்மனியின் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் றொன்ஜன் புதிய வகைக் கதிர்களைக் கண்டுபிடித்தார். அவற்றைத்தான் நாம் எக்ஸ் கதிர்கள் என்கிறோம். ஆண்டு முடிவதற்குள் தமது மனைவியின் கையை, எலும்புகளும் மோதிரமும் தெரியும்படி படம் எடுத்துவிட்டார். செய்தி உலகெங்கும் பரவச் சில வாரங்களே எடுத்தன.

மொன்றியலில் ஓர் இளைஞர் 1895 நத்தார் காலத்தில் காலில் சுடப்பட்டிருந்தார். காயம் ஆறியது, வலி மட்டும் தீரவில்லை. வைத்தியர்கள் ரவையைத் தேடியும் அகப்படவில்லை. 1896 பெப்ரவரி 7ம் திகதி அவரை மக்கில் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் கட்டடத்துக்குக் கொண்டு வந்தார்கள். பேராசிரியர் ஜோன் கொக்ஸ் அவரது காலை எக்ஸ்-றே படம் பிடித்தார். அதற்கு 45 நிமிடங்கள் தேவைப்பட்டன. படம் மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளுக்கு நடுவில் தட்டையாகிக் கிடந்த ரவை அதில் தெரிந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் அதை எடுத்துவிட்டார். அந்தப் படம் பின்னர் சுட்டவர் மீதான வழக்கில் நீதிமன்றத்திலும் சான்றாக வைக்கப்பட்டது.

றொன்ஜன் தமது ஆய்வை வெளியிட்டு ஆறு வாரம் கூட ஆகாத நேரம் அது. படம் எடுத்தவர் பௌதிகவியல் ஆசிரியர், கத்தி பிடித்தவர் வைத்தியர். இருவரும் சேர்ந்தபோதுதான் நோயாளிக்கு விடிவு வந்தது. இந்தக் கூட்டு முயற்சியே 125 ஆண்டுகளுக்கு மேலாக இத்துறையின் அடிப்படையாக இருந்து வருகிறது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் ஜோன் ஹோல் எட்வர்ட்ஸ் என்ற வைத்தியரும் கைக்குள் புகுந்த ஊசியை எக்ஸ்-றே மூலம் கண்டு, சத்திரசிகிச்சைக்கு வழிகாட்டினார். இந்தக் கதிர்கள் உடலுக்குத் தீங்கு செய்யும் என்பதை அன்று எவரும் சரியாக அறிந்திருக்கவில்லை. அவரது கைகள் கதிர்த் தாக்கத்தால் புண்ணாகி, 1908ம் ஆண்டில் இடது கை துண்டிக்கப்பட்டது. வலது கை விரல்களையும் பின்னர் இழந்தார். இன்று எக்ஸ்-றே எடுப்பவர் அறைக்கு வெளியே போய் நின்று பொத்தானை அழுத்துவதற்குப் பின்னால் இப்படியான இழப்புகள் இருக்கின்றன.

போர்முனையில் ஒரு மாணவி

1914ம் ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டது. ஷெல் துண்டுகள் உடலில் பாய்ந்த ஆயிரக்கணக்கான வீரர்கள் பிரான்சின் போர்முனை வைத்தியசாலைகளில் குவிந்தார்கள். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி மேரி கியூரி, எக்ஸ்-றே கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டு போனார். அவரோடு போனவர் மகள் ஐரீன். போர் தொடங்கியபோது அவருக்கு வயது 16. பரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே போர்முனையிலும் வேலை செய்தார். ஒரு கட்டத்தில் தாயார் உடன் இல்லாமல் தனியாகவே எக்ஸ்-றே நிலையங்களைப் பொறுப்பேற்று நடத்தினார்.

ஒற்றைப் படம் தட்டையானது. ஷெல் துண்டு இடப்பக்கமா வலப்பக்கமா என்று அது சொல்லும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லாது. ஆழம் தெரியாமல் வெட்டினால் தசையையும் நரம்பையும் வீணாக அறுக்க வேண்டி வரும். இதற்கு விடை கேத்திரகணிதத்தில் இருந்தது. கதிர்க்குழாயை ஓரிடத்தில் வைத்து ஒரு படமும், சற்றே நகர்த்தி வைத்து இன்னொரு படமும் எடுக்க வேண்டும். இரண்டிலும் துண்டின் நிழல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் ஆழத்தைக் கணக்கிட்டுவிடலாம். மேசை விளக்கை அசைத்தால் சுவரில் விழும் நிழல் அசைகிறதல்லவா, அதே கணக்குத்தான்.

அனுபவம் மிக்க இராணுவ வைத்தியர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொன்னவர் அந்த மாணவி. 1935ம் ஆண்டில் ஐரீனும் அவரது கணவரும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். அந்தப் பரிசு வேறொரு கண்டுபிடிப்புக்காகக் கிடைத்தது. தாயார் 1934ம் ஆண்டில் இரத்தம் உற்பத்தியாகாத நோயாலும், மகள் 1956ம் ஆண்டில் இரத்தப் புற்றுநோயாலும் காலமானார்கள்.

மூளைக்கு ஒரு முகவரி

காலில் உள்ள ரவையை விட மூளையில் உள்ள கட்டியைத் தேடுவது பல மடங்கு கடினம். அங்கே தேடிப் பார்த்து வெட்டுவதற்கு இடமில்லை. சில மில்லிமீற்றர் தவறினால் பேச்சோ பார்வையோ கை கால் அசைவோ போய்விடலாம். எனவே மூளையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முகவரி தேவைப்பட்டது.

லண்டன் மாநகரில் விக்டர் ஹோர்ஸ்லி, றொபேர்ட் கிளார்க் என்ற இருவர் 1908ம் ஆண்டில் ஒரு கருவியை விபரித்து எழுதினார்கள். தலையில் இறுக்கிப் பூட்டும் ஓர் உலோகச் சட்டம் அது. முன்பின், இடம்வலம், மேல்கீழ் என்ற மூன்று அளவுகளைக் கொடுத்தால் ஊசி அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேரும். பாடசாலையில் நாம் படித்த ஆள்கூறுகள்தான் இவை. ஆனால் அந்தக் கருவி விலங்குகளில் செய்யும் ஆய்வுக்கே பயன்பட்டது. மனிதருக்கு மண்டையோட்டின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். வெளியே இருந்து அளந்து உள்ளே இருக்கும் இடத்தைச் சொல்ல முடியவில்லை.

அந்தத் தடை நீங்க ஏறக்குறைய 40 ஆண்டுகள் பிடித்தன. யூதர்களுக்கு எதிரான மனப்பான்மை வளர்ந்து வந்த வியன்னாவை விட்டு, 1930ம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கு வந்தவர் ஏர்ன்ஸ்ட் ஸ்பீகல். ரெம்பிள் பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த மாணவர் ஹென்றி வைசிஸ். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து 1947ம் ஆண்டில் மனிதருக்கு உரிய சட்டத்தை அறிமுகம் செய்தார்கள். மண்டையோட்டை நம்பாமல், மூளைக்குள் உள்ள அடையாளங்களை எக்ஸ்-றே படத்தில் கண்டு அங்கிருந்து அளந்ததே அவர்கள் செய்த மாற்றம். சுவீடனில் லார்ஸ் லெக்செல் 1949ம் ஆண்டில் வில் வடிவச் சட்டம் ஒன்றை வெளியிட்டார். அவர் பெயரிலான சட்டங்கள் இன்றும் பாவனையில் உள்ளன.

உள்ளே பார்க்க வந்த கணனி

எக்ஸ்-றே படத்தில் எலும்பும் உலோகமும் தெரியும். மூளையின் மென்மையான கட்டி நேரடியாகத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்த்தது சீ.ரி. ஸ்கான். அதன் வரலாற்றில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அறியாமல் வேலை செய்தார்கள்.

ஒருவர் அலன் கோமாக். தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் நகரில் பௌதிகவியல் விரிவுரையாளர். 1956ம் ஆண்டில் அங்குள்ள வைத்தியசாலையில் பகுதிநேரமாகப் பணியாற்ற நேர்ந்தபோது, உடலைப் பல கோணங்களில் கதிர் கொண்டு அளந்தால் உள்ளே இருப்பதைக் கணக்கிட்டு வரைய முடியும் என்று சிந்தித்தார். 1963, 1964ம் ஆண்டுகளில் கணக்கை வெளியிட்டார். கவனித்தவர் மிகச் சிலர். மற்றவர் இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த கொட்பிரே ஹவுன்ஸ்பீல்ட். 1971 ஒக்ரோபர் 1ம் திகதி, லண்டன் விம்பிள்டனில் இருந்த அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் அவரது இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. விம்பிள்டன், ரூட்டிங் பக்கம் உறவினர் இல்லாத ஈழத்தமிழ்க் குடும்பம் எங்களில் குறைவு. அந்த ஊரில்தான் இது நடந்தது.

1979ம் ஆண்டில் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இருவருமே வைத்தியர்கள் அல்லர். கோமாக் கலாநிதிப் பட்டம் பெறவில்லை. ஹவுன்ஸ்பீல்ட் பல்கலைக்கழகப் பட்டமே பெறாதவர். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஓயாமல் கவலைப்படும் பெற்றோர் இந்தச் செய்தியை ஒருமுறை மனதில் இருத்த வேண்டும். பட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வைத்தியசாலையின் கதவுக்குப் பல திறப்புகள் உண்டு என்பதையே சொல்கிறேன்.

இதே காலத்தில் நியூசிலாந்தின் கன்ரபரி பல்கலைக்கழகத்தில் ரெரி பீற்றர்ஸ் என்ற மின்பொறியியல் மாணவர், உடலின் குறுக்கு வெட்டுப் படங்களைக் கணித்து உருவாக்குவது பற்றித் தமது ஆசிரியர் றிச்சர்ட் பேற்சுடன் சேர்ந்து ஆராய்ந்தார். 1971ம் ஆண்டிலேயே இருவரும் இது பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மாணவர் 1978ம் ஆண்டில் மொன்றியல் நரம்பியல் நிறுவனத்துக்கு வந்தார். ஸ்கான் படங்களையும் மூளைச் சட்டத்தையும் இணைத்துச் சத்திரசிகிச்சைக்குத் திட்டமிடும் வேலையில் அங்கே பல ஆண்டுகள் ஈடுபட்டார். 1997ம் ஆண்டில் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் உள்ள றொபார்ட்ஸ் ஆய்வு நிறுவனத்துக்குச் சென்று ஆய்வுகூடம் ஒன்றை உருவாக்கினார். அங்கிருந்து பல மாணவர்கள் பட்டம் பெற்று இத்துறைக்கு வந்திருக்கிறார்கள்.

சட்டம் கழன்ற கதை

தலையில் ஆணி இறுக்கிச் சட்டம் பூட்டுவது நோயாளிக்கு வேதனை, வைத்தியரின் கைக்கும் இடைஞ்சல். சட்டம் இல்லாமலே இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா என்ற கேள்வி எழுந்தது.

1986ம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மத்தில் டேவிட் றொபேர்ட்ஸ் என்பவரின் குழு, சத்திரசிகிச்சை நுணுக்குக்காட்டி எங்கே பார்க்கிறது என்பதை ஒலி அலைகளால் அளந்து, அந்த இடத்துக்குரிய ஸ்கான் படத்தை அதற்குள்ளேயே காட்டியது. மறு ஆண்டில் யப்பானில் வத்தனபே என்ற நிபுணரின் குழு, மூட்டுகள் கொண்ட ஓர் இயந்திரக் கையைப் பயன்படுத்தியது. கையின் நுனியால் தலையைத் தொட்டால், அந்தப் புள்ளி படத்தில் தெரியும்.

இயந்திரக் கையின் கதையில் கனடிய மாணவர் இருவருக்கும் இடம் உண்டு. மக்கில் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த சைமன் றாப், கிறெக் பிரேசர் ஆகிய இருவரும் 1981ம் ஆண்டில் மொன்றியலில் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் பாரோ என்று பெயர் பெற்ற நிறுவனம் அதுதான். மருத்துவ அளவீட்டுக்காகத் தொடங்கியது அவர்களது வேலை. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மிசிசாகாவில் இயங்கிய ஐ.எஸ்.ஜி. நிறுவனம், 1990களின் தொடக்கத்தில் அந்த வகைக் கையை முப்பரிமாணப் படத்தோடு இணைத்து, வைத்தியர்கள் பயன்படுத்தக்கூடிய வழிகாட்டிக் கருவியாக வெளியிட்டது. பாரோவின் அளவுகோல் கை பின்னர் வாகன, விமானத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டது. தொழிற்சாலையில் வேலை செய்த எங்கள் ஆட்களில் சிலர் அதைக் கையால் பிடித்தும் இருப்பார்கள்.

அடுத்து வந்தது கமெரா. வாட்டர்லூ நகரில் 1981ம் ஆண்டில் தொடங்கிய நோர்தேர்ன் டிஜிற்றல் நிறுவனம், மனிதர் நடக்கும்போதும் கையை அசைக்கும்போதும் உடல் எப்படி நகர்கிறது என்று அளக்கும் கருவிகளைச் செய்து வந்தது. அதே நுட்பம் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நுழைந்தது. கருவியின் பிடியில் சின்னஞ்சிறு பளபளக்கும் உருண்டைகளைப் பொருத்துவார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் இரண்டு கமெராக் கண்கள் அந்த உருண்டைகளைப் பார்க்கும். இரண்டு கோணத்தில் பார்ப்பதால் தூரம் கணக்கிடப்படும். ஐரீன் கியூரி சொல்லிக்கொடுத்த அதே அடிப்படைதான், ஒரு வினாடியில் பல தடவைகள் நடக்கிறது.

யேர்மனியிலும் ஒரு மாணவர் இருந்தார். ஸ்டெபான் வில்ஸ்மையர். பதின்ம வயதிலேயே கொமடோர் 64 கணனியில் முப்பரிமாணப் படம் வரைவது பற்றிப் புத்தகம் எழுதியவர். 1989ம் ஆண்டில், இருபதுகளின் தொடக்கத்தில், மியூனிக் அருகே பிறெயின்லாப் நிறுவனத்தைத் தொடங்கினார். வழிகாட்டிக் கருவிகளை உருவாக்கும் பெரிய நிறுவனங்களில் அது ஒன்றாக வளர்ந்தது.

படம் பொய் சொல்லுமா?

இவ்வளவையும் கேட்ட பின்னர், இனி எல்லாம் கணனி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அப்படியல்ல.

ஸ்கான் படம் ஒரு வரைபடம். நோயாளியின் உடல் நிலம். வரைபடத்தை நிலத்தோடு சரியாகப் பொருத்தினால்தான் வழி தெரியும். இதற்காகத் தோலில் அல்லது எலும்பில் சில அடையாளப் புள்ளிகளை வைத்து, படத்தில் உள்ள புள்ளியையும் உடலில் உள்ள புள்ளியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தச் செய்வார்கள். நான்கு மூலையும் அழகாகப் பொருந்திவிட்டால் நடுவில் உள்ள கட்டியும் பொருந்திவிடும் என்றுதானே நினைப்போம்? அமெரிக்காவின் வன்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கல் பிற்ஸ்பற்றிக்கின் குழு 1998ம் ஆண்டில் இந்தப் பிழைகளின் கணக்கைத் தெளிவாக வகுத்தது. திரையில் தெரியும் பொருத்தப் பிழை சிறியதாக இருப்பதை வைத்து, கட்டி இருக்கும் இடத்துப் பிழையும் சிறியது என்று முடிவு கட்ட முடியாது என்பதை பிற்ஸ்பற்றிக் பின்னர் 2009ம் ஆண்டில் நிறுவிக் காட்டினார். இந்தக் கணக்கை அறியாத வைத்தியர் திரையை நம்பித் தவறான இடத்துக்குப் போகக்கூடும். கணிதம் படித்தவரின் பேனாவும் இங்கே உயிரைக் காக்கிறது.

அடுத்த சிக்கல், நிலமே நகர்வது. மண்டையோட்டைத் திறந்தவுடன் உள்ளிருக்கும் நீர் வடிந்து, மூளை தன் பாரத்தாலேயே சற்றுத் தாழ்கிறது. டார்ட்மத் குழு 1998ம் ஆண்டில் அளந்து பார்த்தபோது இந்த நகர்வு சராசரியாக ஒரு சென்ரிமீற்றர் அளவில் இருந்தது. காலையில் எடுத்த படம் மதியம் பழையதாகிவிடுகிறது.

இதற்கு ஒரு வழி, சத்திரசிகிச்சையின் நடுவிலேயே புதிய படம் எடுப்பது. பொஸ்ரன் நகரில் 1990களின் நடுப்பகுதியில், வைத்தியர் உள்ளே நின்று வேலை செய்யக்கூடிய திறந்த எம்.ஆர்.ஐ. இயந்திரம் பாவனைக்கு வந்தது. கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தில் கார்னெற் சதர்லாந்தின் குழு, கூரையில் ஓடும் காந்தத்தை நோயாளியிடம் கொண்டு வரும் முறையை 1990களின் பிற்பகுதியில் உருவாக்கியது. அதே குழு 2008 மே மாதத்தில் நியூரோஆர்ம் என்ற ரோபோவின் துணையோடு 21 வயதுப் பெண் ஒருவரின் மூளைக் கட்டியை அகற்றியது. விண்வெளிக்குக் கனடியக் கை செய்து கொடுத்த நிறுவனமே அந்த ரோபோவைச் செய்வதற்குத் துணை நின்றது.

மாணவர்கள் கட்டிய பொது வீடு

நேயர்களே, இதுவரை சொன்ன கருவிகள் பெரும்பாலும் விலை மிகுந்தவை. செல்வம் இல்லாத நாடுகளின் வைத்தியசாலைகளும் சிறிய பல்கலைக்கழகங்களும் என்ன செய்வது?

1990களின் இறுதியில் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகமும் பொஸ்ரனில் உள்ள வைத்தியசாலை ஒன்றும் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கின. அதன் முதல் வடிவத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் டேவிட் கெறிங். 1999ம் ஆண்டில் அவர் முதுமாணிப் பட்டத்துக்குக் கொடுத்த ஆய்வேடே இந்த வேலையைப் பற்றியதுதான். 3டி ஸ்லைசர் என்ற அந்த மென்பொருள் இன்றும் இலவசம். அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், மேலும் எழுதிச் சேர்க்கலாம். அது ஆய்வுக்குரிய மென்பொருள், நோயாளிக்கு நேரடியாகப் பாவிக்க அனுமதி பெற்ற கருவி அல்ல. அதனைக் கொண்டு உலகெங்கும் மாணவர்கள் ஆய்வு செய்கிறார்கள்.

கிங்ஸ்ரனில் உள்ள குயீன்ஸ் பல்கலைக்கழகம் இதில் பெரும் பங்கு வகித்து வருகிறது. 1990களிலேயே அங்கு கணனித் துறைப் பேராசிரியர் றன்டி எலிசும் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர்களும் சேர்ந்து, முழங்கால் எலும்பைச் சரியான கோணத்தில் வெட்டக் கணனி வழிகாட்டலைப் பயன்படுத்தினார்கள். பின்னர் ஹங்கேரியில் பிறந்த பேராசிரியர் கபோர் பிக்ரிங்கர் அங்கே பேர்க் ஆய்வுகூடத்தை அமைத்தார். அல்ட்ராசவுண்ட் கருவியையும் கண்காணிப்புக் கருவிகளையும் கணனியோடு இணைக்கும் பிளஸ் என்ற இலவச மென்பொருள் அங்கே உருவானது.

அவர்கள் எடுத்துக்கொண்ட ஒரு சிக்கலைச் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய்க் கட்டியை அகற்றும்போது, அது முழுவதாக வர வேண்டும், நல்ல தசையையும் வீணாக்கக் கூடாது. மார்பகம் மென்மையானது, வைத்தியரின் கை பட்டாலே கட்டி இடம் மாறுகிறது. ஓரத்தில் புற்றுநோய் மிஞ்சிவிட்டால் அந்தப் பெண் இரண்டாம் தடவை சத்திரசிகிச்சைக்கு வர வேண்டும். கிங்ஸ்ரன் குழு, கட்டிக்குள் கொக்கி போன்ற ஓர் ஊசியைப் பொருத்தி, அதிலும் வெட்டும் கருவியிலும் சிறிய மின்காந்த உணரிகளை வைத்தது. கட்டி நகர்ந்தால் ஊசியும் நகரும், திரையில் உள்ள படமும் கூடவே நகரும். கத்தி கட்டியின் எல்லைக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதை வைத்தியர் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். நோயாளிகளில் செய்து பார்த்த முடிவுகள் 2016ம் ஆண்டில் வெளியாயின.

இப்படியான ஆய்வில் மாணவரின் பங்கு எப்படி இருக்கும்? ஒருவர் அல்ட்ராசவுண்ட் கருவியின் அளவைச் சரிபார்ப்பார். ஒருவர் ஜெலற்றினில் செயற்கை உடற்பாகம் வார்த்து, அதில் ஊசி குத்தி எத்தனை மில்லிமீற்றர் தவறுகிறது என்று நூறு தடவை அளப்பார். இன்னொருவர் பயிற்சி வைத்தியரின் கை அசைவைப் பதிந்து, முள்ளந்தண்டில் ஊசி ஏற்றப் பழகுபவர் எப்போது தேறுகிறார் என்று கணக்கிடுவார். ஒவ்வொன்றும் சிறிய வேலை, ஆனால் அந்த அளவு தவறினால் திரையில் வரும் படமும் தவறும். நன்றாகச் செய்தவர்கள் மாநாடுகளில் கட்டுரை படிக்கிறார்கள். இத்துறையின் பெரிய மாநாடான மிக்காய் 1998ம் ஆண்டில் தொடங்கியது. 2003ம் ஆண்டில் மொன்றியலிலும் 2011ம் ஆண்டில் ரொறன்ரோவிலும் கூடியது. இளம் ஆய்வாளர்களுக்கு அங்கே பரிசும் உண்டு.

எங்கள் வீடுகளுக்கு இரண்டு செய்திகள்

முதலாவது பிள்ளைகளைப் பற்றியது. எங்கள் சமூகத்தில் மருத்துவம் என்றால் வைத்தியராவது மட்டுமே என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றி இருக்கிறது. எத்தனையோ துன்பங்களைத் தாண்டி வந்த பெற்றோரின் ஆசை அது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மருத்துவ பீடத்தில் இடம் கிடைக்காத பிள்ளை தோற்றுவிட்டதாக வீடே துக்கம் கொண்டாடுவது நியாயமில்லை. கணிதமும் பௌதிகவியலும் கணனியும் படித்த பிள்ளையும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் போகலாம், உயிரைக் காக்கலாம். மேலே வந்த பெயர்களை எண்ணிப் பாருங்கள். பலர் வைத்தியர்கள் அல்லர். இளமாணிப் பட்டத்துக்குப் படிக்கும்போதே கோடை விடுமுறையில் ஆய்வுகூடத்தில் சம்பளத்தோடு வேலை செய்ய, கனடாவின் இயற்கை விஞ்ஞான, பொறியியல் ஆய்வுச் சபை விருதுகள் வழங்குகிறது. பிள்ளைகள் தங்கள் பல்கலைக்கழகத்தில் இது பற்றிக் கேட்டு அறியலாம்.

இரண்டாவது பெரியவர்களைப் பற்றியது. இதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். எங்கள் குடும்பங்களில் உடலுக்குள் ஷெல் துண்டோ சன்னமோ இன்னும் இருப்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் அதை மறந்தே போனார்கள். சிலர் நினைவுபடுத்திக்கொள்ள விரும்பவில்லை. சிலர் சொன்னால் ஏதும் பிரச்சினை வருமோ என்று பயப்படுகிறார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் மிகப் பலம் வாய்ந்த காந்தத்தால் இயங்குகிறது. சில வகை உலோகத் துண்டுகளை அந்தக் காந்தம் இழுக்கும், அல்லது சூடாக்கும். கண்ணிலோ முள்ளந்தண்டுக்கு அருகிலோ பெரிய இரத்தக் குழாய்க்கு அருகிலோ துண்டு இருந்தால் ஆபத்து பெரியது. அதனால்தான் ஸ்கானுக்கு முன் ஒரு படிவம் தந்து, உடலில் உலோகம் உண்டா என்று கேட்கிறார்கள்.

அந்தப் படிவத்தை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மொழிபெயர்த்து நிரப்புவது அநேகமாகப் பிள்ளைதான். கனடாவில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியாது. "உலோகம் ஏதும் இருக்கா அம்மா?" என்று ஆங்கிலக் கேள்வியை அப்படியே கேட்டால், காப்பையும் தோட்டையும் கழற்றி வைத்துவிட்டு இல்லை என்றுதான் அம்மா சொல்லுவார். "அம்மா, ஊரில காயப்பட்டனீங்களா? உடம்புக்குள்ள துண்டு ஏதும் இருக்கா?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். துண்டு இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ்-றே மூலம் முதலில் பார்த்து, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, வேறு ஸ்கான் எடுப்பதா என்று நிபுணர்கள் முடிவு செய்வார்கள். எக்ஸ்-றேயிலும் சீ.ரி. ஸ்கானிலும் காந்தம் இல்லை. வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவும் தயங்க வேண்டாம். பிள்ளை முன்னால் சொல்ல முடியாத கதைகளும் இருக்கும். ஒன்ராறியோவில் 2004ம் ஆண்டின் சட்டம், நோயாளியின் சுகாதாரத் தகவல்களைப் பாதுகாக்க வேண்டிய கடமையை வைத்தியசாலைக்கு விதித்திருக்கிறது.

துண்டை எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அது இருக்கும் இடம், அதைச் சுற்றியுள்ள நரம்பு, கொடுக்கும் வலி இவற்றைப் பார்த்து, பல வேளைகளில் அப்படியே விட்டுவிடுவதே நல்லது என்று வைத்தியர்கள் தீர்மானிப்பார்கள். அதை உங்கள் வைத்தியரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

1896ல் மொன்றியலில் காலுக்குள் ரவையோடு வந்த இளைஞருக்குப் படம் பிடிக்க 45 நிமிடம் எடுத்தது. இன்று அந்த வேலை கணப்பொழுதில் முடிந்துவிடும். ஆனால் உள்ளே தேட வேண்டிய ஒன்று இருக்கிறது என்பதை நோயாளியும் வீட்டாரும் வாய் திறந்து சொல்ல வேண்டும். இந்த வார இறுதியில் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதி, சுகாதார அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.